லிப்பிஸ் வேலை

வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேமரன் மலைக்குப் போய்விடுவோம். பிள்ளைகளுக்கு அது ஸ்ட்ராபெரி, என் மனைவிக்கு ரோட்டோரக் கடையில் மலிவாகக் கிடைக்கும் காய்கறி, எனக்கு இரண்டு நாள் குளிர். அப்பாவுக்கு அங்கே ஒன்றுமில்லை. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும் மேடையில் ஆட்கள் வரிசை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா காருக்குள்ளேயே கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"இறங்கி வாங்க மாமா, ஒரு டீ குடிக்கலாம்" என்று என் மனைவி கூப்பிட்டால், "நீங்க போய்ட்டு வாங்கம்மா. நான் பொறந்த எடத்துல நானே நின்னு போட்டோ புடிக்கணுமா?" என்பார்.

அப்பா 1950இல் அந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை. அந்தக் காலத்துக் கிராணியைப் பற்றி இதில் ஒரு விஷயம் வருகிறது; அவருடைய பேரப்பிள்ளைகள் யாராவது ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

போன பள்ளி விடுமுறையின்போது அப்பா காருக்குள்ளிருந்தே கேட்டார்: "ரிங்லெட்லேருந்து லிப்பிஸுக்கு நேரா ரோடு போட்டுட்டாங்களாமே. போலாமா?"

என் மனைவி கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். கோலா லிப்பிஸ், பகாங்கின் பழைய தலைநகரம், பழங்காலக் கட்டடங்கள், ரயில் நிலையம், இரண்டு ஆறு கூடுமிடம். "பார்க்கலாம் போலிருக்கு" என்றாள். பிள்ளைகளுக்கு அதில் ஸ்ட்ராபெரி இல்லை என்பது மட்டும் புரிந்தது.

எங்கள் வீட்டில் லிப்பிஸ் என்பது ஓர் ஊரின் பெயராக இருந்ததில்லை. அது ஒரு வகை வேலையின் பெயர். சேமநிதி பாரம் பூர்த்தி செய்வது, நிலவரி கட்டுவது, தொலைந்துபோன ஐசிக்குப் போலீஸ் ரிப்போர்ட் எழுதுவது, அரசாங்க மேசைக்கு முன்னால் நின்று செய்ய வேண்டிய எல்லாமே பாட்டிக்கு 'லிப்பிஸ் வேலை'தான். "உங்கப்பனுக்கு இன்னிக்கு லிப்பிஸ் வேலை இருக்கு, சீக்கிரம் வரமாட்டான்" என்பார். அப்பா கிள்ளான் டவுனுக்குத்தான் போயிருப்பார். நாங்கள் சிரிப்போம். பாட்டி சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சொல் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பூகோளம் தேவை. கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் மலைக்கு ஏறும் ரோடு பேராக்கில் இருக்கும் தாப்பாவிலிருந்து வந்தது. அந்த ரோடு 1930களின் தொடக்கத்தில் வந்த பிறகுதான் தேயிலை, காய்கறி, துரைமாரின் ஓய்வு பங்களா எல்லாமே வேகம் பிடித்தன. ஆக மலையில் இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி, சாமான், உறவு எல்லாம் பேராக் பக்கம். அரசாங்கக் காகிதம் மட்டும் பகாங். பகாங்குக்கு 1898இலிருந்து 1955வரை தலைநகரம் கோலா லிப்பிஸ். கேமரன் மலையும் லிப்பிஸ் மாவட்டத்துக்குள்தான் கிடந்தது. தனி மாவட்டமானது 1982இல்தான். வரைபடத்தில் பார்த்தால் மலைக்குக் கிழக்கே ஒரு சாண் தூரம்கூட இல்லை. நடுவில் காடு. அதனால் மேற்கே இறங்கி, தெற்கே போய், மறுபடி மலையேறிக் கிழக்கே போக வேண்டும். வீட்டுக்குப் பின்வாசலில் இருக்கும் கிணற்றுக்கு ஊரைச் சுற்றிப் போகிற மாதிரி.

அப்பா பிறந்ததைப் பதிந்த தோட்டத்துக் கிராணி, பாரத்தில் ஆண் என்று போட வேண்டிய இடத்தில் பெண் என்று போட்டுவிட்டார். அன்று எத்தனை பிள்ளைகளைப் பதிந்தாரோ, எந்த மனநிலையில் இருந்தாரோ! இரண்டு வருஷம் யாரும் கவனிக்கவில்லை. தாத்தாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தோட்டத்துப் பள்ளி வாத்தியார் ஒருநாள் அந்தச் சூராட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல உன் மவன் பொம்பளப் புள்ளையா இருக்கான்யா" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. கிராணியிடம் போனால், "லிப்பிஸ் போய் மாத்திக்கோ. பையனையும் தூக்கிட்டுப் போ, பார்த்தாலே தெரியுமில்ல" என்றாராம்.

தாத்தா அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. 1952இல் இரண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தேயிலை லாரியில் தாப்பா, அங்கிருந்து ரயிலில் கோலா குபு, பிறகு பஸ். கோலா குபு பாருவிலிருந்து ரவூப்புக்கு மலை ஏறி இறங்கும் அந்த ரோட்டை இன்று வார இறுதியில் சைக்கிள்காரர்கள் விரும்பிப் போகிறார்கள். அன்று அது அவசரகாலத்து ரோடு. அதற்கு முந்தின ஆண்டு, 1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரேசர் மலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டுக் கொன்றது அந்த ரோட்டில்தான். நாட்டிலேயே பெரிய அதிகாரிக்கு அந்தக் கதி என்றால் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்கு யார் துணை?

ஐந்து நாள் தகவல் இல்லை. மூன்றாம் நாள் தோட்டத்தில் யாரோ, ரவூப் ரோட்டில் பஸ்ஸைச் சுட்டுவிட்டார்கள் என்று பேசினார்களாம். எந்த பஸ், எங்கே, உண்மையா, ஒன்றும் தெரியாது. பாட்டி அன்று காலைப் பெரட்டுக்கும் போனார், கொழுந்தும் பறித்தார், கூடையையும் நிறுத்துக் கொடுத்தார். சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்தவர் இரண்டு ராத்திரி உள்ளே போய்ப் படுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் என் அத்தையிடம் சொல்லி, அத்தை எங்களிடம் சொன்னது இது. பாட்டி இதைப் பற்றி வாயே திறந்ததில்லை.

ஐந்தாம் நாள் தாத்தா வந்தார், தோளில் மகன், இடுப்பு மடிப்பில் காகிதம். அப்பா ஆணாகிவிட்டிருந்தார்.

இப்போது ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் போகும் ரோடு நன்றாகவே இருக்கிறது. பசியாறிவிட்டுக் கிளம்பியவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லிப்பிஸ் சேர்ந்துவிட்டோம். வளைவுகள் அதிகம்; பெரியவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். வழியில் பெட்ரோல் பம்பை நம்ப வேண்டாம், ரிங்லெட்டிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். பூர்வகுடி மக்களின் கிராமங்கள், போஸ் பெத்தாவ், அதன் பிறகு குளிர் விட்டு, காடு விட்டு, செம்பனை தொடங்கிவிடுகிறது.

அப்பா பேசாமல் வந்தார். ரிங்லெட் ஏரியைத் தாண்டும்போது மட்டும், "இந்தத் தண்ணி எங்க போவுது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தானா ராத்தா வழியாக ஓடி வரும் பெர்தாம் ஆறு கிழக்கே இறங்கி ஜெலாய் ஆற்றோடு சேர வேண்டியது. ஜெலாய் போய்ச் சேருமிடம் லிப்பிஸ். தாத்தா கூடை கழுவிய ஓடைத் தண்ணீர் அவருக்கு முன்பே தலைநகரம் போயிருக்கிறது. 1960களில் மின்சாரத்துக்காக அணை கட்டியபோது, அந்தத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகத் திருப்பி மேற்கே பேராக் பக்கம் பாத்தாங் பாடாங் பள்ளத்தாக்குக்கு இறக்கிவிட்டார்கள். "தண்ணியும் தாப்பா வழியாத்தான் போவணும்னு ஆயிருச்சு" என்றார் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதையெல்லாம் எப்போது படித்து வைத்தார் என்று தெரியவில்லை.

லிப்பிஸ் சிறிய ஊர். தலைநகரம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். ஒரு பழைய பட்டணம் என்று போனால் அரைநாள் போதாது. ஜாலான் பெசாரில் இரண்டு பக்கமும் பழைய கடைவீடுகள். ஒரு பக்கத்து வரிசையின் முதுகு ஆற்றைப் பார்த்து நிற்கிறது. ரோடும் ரயிலும் வருவதற்கு முன் சாமானும் ஆளும் ஆற்று வழிதான் வந்தது. ஜெலாயும் லிப்பிஸும் இங்கே கூடி, கீழே தெம்பெலிங்கோடு சேர்ந்து பகாங் ஆறாகிக் கடல்வரை போகிறது. பெக்கானில் சுல்தான் இருக்க, பிரிட்டிஷ்காரன் தன் ஆபீஸை இவ்வளவு உள்ளே கொண்டுவந்து வைத்ததற்குத் தங்கமும் ஒரு காரணம். ரவூப்பிலும் லிப்பிஸ் வட்டாரத்திலும் தங்கச் சுரங்கங்கள் இருந்தன. மாநிலத்தின் நடுவில் இருப்பதும் வசதி. பிறகு ரோடுகள் வந்தன, கடற்கரை ஊர்கள் வளர்ந்தன, 1955இல் தலைநகரம் குவாந்தானுக்கு மாறியது. லிப்பிஸ் அப்படியே நின்றுவிட்டது. கட்டடங்கள் பிழைத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். முன்னேறிய ஊர்களில் இடித்துவிடுவார்கள்.

பகாங்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ கிளிஃபோர்டின் பெயரைத் தாங்கிய பள்ளி 1913இலிருந்து நடக்கிறது. என் மனைவிக்கு அதைவிட, பாடகி சித்தி நூர்ஹலிசா வளர்ந்த ஊர் இது என்பதுதான் பெரிய செய்தி.

நாங்கள் முதலில் போனது ரயில் நிலையத்துக்கு. அப்பாதான் அங்கே போகச் சொன்னார். தாத்தா லிப்பிஸ் வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது, ஆபீஸ் மூடிவிட்டார்கள். எங்கே போவது என்று தெரியாமல் ரயில் நிலையத்துக்கு வந்து மூலையில் துண்டை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்திருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு தமிழர் பார்த்துவிட்டு, "குழந்தையை வச்சுக்கிட்டு இங்க படுக்காதய்யா, ஊரடங்கு வேற" என்று தன் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துப் போனாராம். கஞ்சியும் கருவாடும் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா அப்பாவுக்குத் தலை துவட்டிவிட்டு, தன் பிள்ளையின் பழைய சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார். அந்தச் சட்டை வெகுநாள் எங்கள் வீட்டில் இருந்ததாம். அவர்கள் பெயரைத் தாத்தா கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதற்காகச் சாகும்வரை தன்னைத் திட்டிக்கொண்டார்.

நிலையத்தில் அப்போது ரயில் எதுவும் இல்லை. சின்னவள் தண்டவாளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கிழக்குக் கரைப் பாதையில் இப்போது கிடப்பது முதலில் போட்ட தண்டவாளம் அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் மெந்தகாப்புக்கு வடக்கே நீண்ட தூரத்துக்குத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், பர்மாவுக்கு ரயில் போட. அதே ரயிலுக்குத் தோட்டத்துத் தமிழர்களையும் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். தண்டவாளமும் ஆளும் ஒரே இடத்துக்கு. போருக்குப் பிறகு இங்கே தண்டவாளத்தைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். தாத்தாவின் அண்ணன் திரும்பவில்லை. சயாம் என்றால் எங்கள் வீட்டில் அதுவும் ஊர்ப் பெயர் இல்லை. அதைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது.

பிறகு குன்றின் மேலே ஏறினோம். 1919இல் கட்டிய நிர்வாகக் கட்டடம், இன்னும் அரசாங்க அலுவலகம்தான். நாங்கள் போனது சனிக்கிழமை, பூட்டியிருந்தது. அழகான கட்டடம், சந்தேகமே இல்லை. நீளமான தாழ்வாரம், அதன் வளைவுகள், முன்னால் புல்வெளி. என் மனைவி வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். இப்படி ஒரு கட்டடத்தை இந்தச் சின்ன ஊரில் எதிர்பார்க்கவில்லை என்றாள்.

அப்பா படிக்கட்டில் உட்கார்ந்தார். கேமரன் மலையில் காரை விட்டே இறங்காத ஆள்.

"இந்த எடம்தானாப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும், ரெண்டு வயசு. இங்கதான் இருக்கணும். அப்பா சொல்லுவாரு, மேடு ஏறிப் போனேன், வெள்ளைக்காரன் ஒருத்தன் உன்னப் பாத்து சிரிச்சான்னு. உள்ள இருந்த கெராணி தமிழாளாம். அரை மணி நேரத்துல முடிஞ்சிருச்சாம்."

"அரை மணி நேரமா?"

"அரை மணி நேரம்தான். போக வரத்தான் அஞ்சு நாளு."

அந்தக் காகிதம்தான் எங்களைக் காப்பாற்றியது. மெர்டேக்காவுக்குப் பிறகு ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வு இல்லாமலேயே குடியுரிமை பதிந்துகொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். தாத்தா 1958இல் பதிந்தார். பெயரும் பாலும் சரியாக இருந்த சூராட்டைக் காட்டி அப்பாவையும் பதிந்தார். தோட்டமே போய்க்கொண்டிருந்தது. பாட்டி மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கைக்குழந்தை இருந்தது, மழைக்காலம், அடுத்த தடவை பார்க்கலாம் என்று இருந்துவிட்டார், இப்படி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். லிப்பிஸ் படிக்கட்டில்தான் அப்பா வேறொன்று சொன்னார். தாத்தா வந்து, "கெளம்பு, குடியுரிமை போடணும்" என்றபோது பாட்டி கேட்டது ஒன்றே ஒன்றாம்: "அது லிப்பிஸ் வேலையா?"

தாத்தா, ஆமாம் அது மாதிரிதான் என்றாராம். பாட்டி கதவைச் சாத்திக்கொண்டார்.

"எங்க போவணும், எவ்ளோ தூரம்னு அம்மா கேக்கவே இல்ல. அப்பாவும் சொல்லல. அந்த வார்த்தையக் கேட்டதோட சரி" என்றார் அப்பா.

பாட்டியின் சிவப்பு ஐசி கடைசிவரை சிவப்பாகவே இருந்தது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, நாடு முழுக்கத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். பாட்டியோடு கொழுந்து பறித்தவர்களில் சிலரும் போனார்கள். பாட்டிக்குப் பெர்மிட் கிடைத்தது, தங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு முறை அது முடியும் தேதி நெருங்கும்போதும் பெட்டியில் இரண்டு சேலையை மடித்து வைத்துவிடுவார் என்று அத்தை சொல்வார்.

எனக்கு நினைவிருப்பது தேர்தல் நாள். கிள்ளானில் வீடே காலையில் குளித்து உடுத்திக் கிளம்பும். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை. பாட்டி எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு வாசலில் நிற்பார். திரும்பி வந்தால், "யாருக்குடா போட்டீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அன்று சிரிப்பாக இருக்கும். தேயிலைச் செடிக்கு நடுவில் முப்பது வருஷம் நின்று, இங்கேயே ஐந்து பிள்ளை பெற்று, 1996இல் இங்கேயே எரிந்த ஒருத்திக்கு, நாங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதைக்கூடச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

தாத்தா மேல் கோபமாப்பா என்று கேட்டேன்.

"அவரு மேல என்ன கோவம். பொண்ணா இருந்தவன தோள்ல தூக்கிட்டுப் போயி ஆணா கொண்டாந்தவரு" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தூரம் இவ்ளோதான்னு அம்மாவுக்கு ஒரு தடவ காட்டியிருக்கலாம். இந்த ரோடு அப்பவே இருந்திருந்தா..." என்று சொல்லிவிட்டு, பூட்டியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

என் மனைவி, "மாமா, இங்க பாருங்க" என்று கைப்பேசியைத் தூக்கினாள். அப்பா மறுக்கவில்லை. எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஐசிக்குப் படம் எடுப்பது போல நேராக நின்றார். சின்னவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். அவள் காலை உதைத்து இறங்கி ஓடிவிட்டாள்.

ஆற்றோரம் ஒரு இந்திய முஸ்லிம் கடையில் சாப்பிட்டோம். மீன் குழம்பு நன்றாக இருந்தது. திரும்புவதற்கு பெந்தோங் வழியாக நெடுஞ்சாலை பிடித்தால் கிள்ளானுக்குச் சீக்கிரம் போய்விடலாம். அப்பா ரவூப் வழியாகவே போகலாம் என்றார். அதாவது பிரேசர் மலை அடிவாரத்தைச் சுற்றி, கோலா குபு பாருவுக்கு இறங்கும் பழைய ரோடு. பிள்ளைகளுக்கு மறுபடி வாந்தி வரும் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

மேலே ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் மூங்கில் சாய்ந்து கிடந்தது, எதிரே வண்டியே இல்லை. இந்த வளைவுகளில் ஒரு பஸ் திணறித் திணறி ஏறுவதை, ஜன்னலோரத்தில் இரண்டு வயதுப் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு ஆள் காட்டையே பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். அப்பாவிடம் எதையாவது கேட்கலாம் என்று கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மலை இறங்கி முடியும்வரை விழிக்கவில்லை.

கோலா குபு பாருவில் ஒரு கடையோரம் நிறுத்தி எழுப்பினோம். சூடாகத் தேநீர் வந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தூள் பழசு" என்றார். ஆனால் முழுவதும் குடித்தார்.